பெயர் அட்டை சேர்கிறது, பழக்கம் சேரவில்லையே?

கேள்வியின் சுருக்கம் இது: சிங்கப்பூர் வந்து மூன்று ஆண்டு. ஐடி வேலை, இபி (எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதி). தெரிந்தவர்கள் என்றால் அலுவலகத்தில் இருப்பவர்கள், மிஞ்சினால் ஊர்க்காரர்கள். நெட்வொர்க்கிங் நிகழ்ச்சிகளுக்கு ஐந்தாறு முறை போனதில் நாற்பது பெயர் அட்டை சேர்ந்ததுதான் மிச்சம். கூச்சம் வேறு. உதவி கேட்டால் "காரியத்துக்காகப் பழகுகிறான்" என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. எங்கே தவறு?

நிகழ்ச்சி முடிந்த மறுநாள் காலையில்தான் தவறு நடக்கிறது. ஒருமுறை பார்த்துப் பேசியது ஒரே மாதத்தில் இரண்டு பேருக்கும் மறந்துபோகும். அதே ஆளை மூன்று வாரத்துக்குள் ஏதாவது ஒரு காரணத்தோடு இன்னொரு முறை தொட்டால்தான் பழக்கம் என்று ஒன்று தொடங்கும். அந்த நாற்பது பேரில் எத்தனை பேருக்கு மறுநாள் ஒரு வரி எழுதினீர்கள்? ஐந்துக்குக் கீழே என்றால், நீங்கள் இன்னும் நெட்வொர்க்கிங் செய்து பார்க்கவே இல்லை. கூட்டத்துக்குப் போய்வந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

ஊர்க்காரர்கள் வட்டத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது ஆறுதலுக்கு நல்லது, தகவலுக்குப் போதாது. 1973இல் அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் ஓர் ஆய்வு வெளியிட்டார். பாஸ்டன் நகரை ஒட்டிய நியூட்டனில், அறிமுகம் மூலம் வேலை மாறியவர்களிடம், தகவல் சொன்னவரை அந்தச் சமயத்தில் எவ்வளவு அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். வாரத்துக்கு இருமுறையாவது பார்த்தவர் மூலம் வேலை கிடைத்தது சுமார் 17 விழுக்காட்டினருக்குத்தான். 55 விழுக்காட்டுக்கு மேற்பட்டவர்களுக்கு எப்போதாவது பார்க்கும் ஆள் மூலமும், ஏறத்தாழ 28 விழுக்காட்டினருக்கு வருடத்துக்கு ஒருமுறை பார்த்தாலே அதிகம் என்ற ஆள் மூலமும் கிடைத்திருந்தது. லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிப் பேரை ஐந்து ஆண்டுகள் வைத்துச் செய்த பெரிய ஆய்வு 2022இல் வந்தது. அது இதைக் கொஞ்சம் திருத்தியது: முன்பின் தெரியாதவராலும் பெரிய பயனில்லை, உயிர்த் தோழராலும் இல்லை, இரண்டுக்கும் நடுவே உள்ளவர்தான் வேலை மாற அதிகம் உதவுகிறார். காரணம் புரிந்துகொள்ளக் கடினமில்லை. உங்கள் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் வரும் வேலை அறிவிப்பு அரை மணி நேரத்தில் மற்ற மூன்று குழுவிலும் வந்துவிடும். எல்லாரும் ஒரே கிணற்றில்தான் தண்ணீர் இறைக்கிறீர்கள்.

ஆகவே அடுத்த நிகழ்ச்சியைத் தேடுவதற்கு முன், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் அந்த நடுவாந்தர ஆட்களை எழுதுங்கள். ஒரு சனிக்கிழமை இரண்டு மணி நேரம் போதும். பழைய நிறுவனத்திலிருந்து உங்களுக்கு முன்னாலேயே விலகிப் போனவர்கள், உங்கள் திட்டத்தில் வேலை செய்த வெண்டர் தரப்பு ஆட்கள், வாடிக்கையாளர் பக்கம் இருந்து இப்போது வேறிடம் போனவர்கள், இரண்டு நாள் பயிற்சி வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவர், பிள்ளையின் பள்ளியில் வாசலில் பேசும் பெற்றோர், பேட்மிண்டன் ஆடுபவர். நாற்பது பெயர் வரும். அதில் பன்னிரண்டைத் தேர்ந்து, வாரத்துக்கு இரண்டு பேர் வீதம் எழுதுங்கள். "ஹாய், எப்படி இருக்கீங்க" என்று மட்டும் எழுதினால் அடுத்து கடன் கேட்கப் போகிறாரோ என்றுதான் அவருக்குத் தோன்றும். எழுதுவதற்கான காரணம் முதல் வரியிலேயே இருக்கட்டும்: அவர் புது வேலைக்குப் போன செய்தி, முன்பு அவர் சொன்னது இப்போது உதவியது, அவர் துறையில் ஏதோ மாறியிருப்பது. எதுவும் கேட்காத கடிதமாக இருக்கட்டும். பன்னிரண்டில் ஆறு பேர் பதில் போட்டாலே நன்று.

இனி நிகழ்ச்சிகள். எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. சிங்கப்பூர் எக்ஸ்போவில் நவம்பரில் நடக்கும் ஃபின்டெக் எனும் நிதித் தொழில்நுட்ப விழா (2016இல் தொடங்கியது) மாதிரியான பிரம்மாண்டக் கூட்டங்களில் சந்திப்புகளை முன்பே குறித்துக்கொண்டு வருபவர்களுக்குத்தான் பலன். சும்மா நுழைந்து சுற்றினால் கால்வலியும் துணிப்பையும்தான் கிடைக்கும். சிங்கப்பூர் இந்திய வர்த்தகத் தொழிற்சபை 1924இலிருந்து இயங்குகிறது. சொந்தத் தொழில் செய்பவருக்கும் சிறு நிறுவனங்களுக்குப் பொருளோ சேவையோ விற்பவருக்கும் அது சரியான இடம். சம்பளத்துக்கு வேலை செய்யும் மென்பொருள் பொறியாளருக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை. உங்களுக்குப் பொருந்துவது துறைசார் அமைப்புகள்: 1967இல் உருவான சிங்கப்பூர்க் கணினிச் சங்கம், பொறியாளராக இருந்தால் 1966இல் உருவான பொறியாளர் கழகம். அவற்றின் பெரிய ஆண்டு விருந்தை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் சிறு குழுக்களில் சேருங்கள். அதோடு ஒன்-நார்த், தஞ்சோங் பகார், ராஃபிள்ஸ் பிளேஸ் வட்டாரங்களில் வார நாள் மாலையில் நடக்கும் முப்பது முதல் அறுபது பேர் கொண்ட தொழில்நுட்பக் கூட்டங்கள். இவைதான் சத்துள்ளவை, ஏனென்றால் திரும்பத் திரும்ப அதே ஆட்கள் வருவார்கள். ஒரு குழுவைத் தேர்ந்தால் தொடர்ந்து மூன்று முறை போங்கள். முதல் முறையிலேயே "ஒன்றுமில்லை" என்று தீர்ப்பு எழுதாதீர்கள். மூன்றாம் முறை போகும்போது இரண்டு பேராவது தாமாக வந்து பேசுவார்கள்.

கூச்சம் இருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு, இதைவிடச் சுலபமானது எதுவும் இல்லை: ஏற்பாட்டாளருக்கு எழுதி, பதிவு மேசையில் உட்காரும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். அவர்களுக்கு எப்போதும் ஆள் பற்றாக்குறைதான். வருகிற ஒவ்வொருவரும் உங்களிடம் வந்து பெயர் சொல்லித்தான் உள்ளே போக வேண்டும். இடைவேளையில் நீங்கள் யாரையும் தேடிப் போக வேண்டியதில்லை. பேச்சாளரையும் ஏற்பாட்டாளரே உங்களுக்கு அறிமுகம் செய்துவைப்பார்.

இன்னொன்று டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற மேடைப் பேச்சுப் பயிற்சி மன்றங்கள். ஆங்கிலத்திலும் தமிழிலும் மன்றங்கள் இருக்கின்றன, சமூக மன்றங்களிலேயே பல நடக்கின்றன. விருந்தினராகப் போகப் பொதுவாகக் கட்டணமில்லை. முன்தயாரிப்பின்றி ஒன்று முதல் இரண்டு நிமிடம் பேசும் பகுதி ஒன்று உண்டு. நிகழ்ச்சிகளில் முன்பின் தெரியாதவரிடம் பேச உதவும் பயிற்சி அதுதான். ஒரே ஓர் இடத்துக்குத்தான் போக முடியும் என்று யாராவது சொன்னால், நான் இதைத்தான் சொல்வேன்.

நம்மவர் அமைப்புகளை ஒதுக்கச் சொல்லவில்லை. ஜமால் முகமது கல்லூரி முன்னாள் மாணவர் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளை, மற்ற கல்லூரிக் கிளைகள், சமூக மன்றங்களின் இந்திய நற்பணிக் குழுக்கள், ஏப்ரலில் வரும் தமிழ்மொழி விழா, 1991இல் தொடங்கிய சிண்டா எனும் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தின் தொண்டூழியம் என்று நிறைய உண்டு. ஆனால் பார்வையாளராக உட்கார்ந்து கைதட்டிவிட்டு வந்தால் ஒன்றும் நடக்காது. செயற்குழுவில் ஒரு வேலையை எடுத்துச் செய்தால் வங்கி, மருத்துவமனை, கட்டுமானம் என்று வெவ்வேறு துறைக்காரர்களோடு ஆறு மாதம் சேர்ந்து வேலை செய்வீர்கள். உங்கள் நிறுவனத்துக்கு வெளியே, சொன்ன தேதியில் சொன்னதைச் செய்வீர்களா என்று நாலு பேர் கண்ணால் பார்க்க இதைவிட வாய்ப்பு இல்லை.

மண்டபத்துக்குள் சில நடைமுறைகள். பத்துப் பதினைந்து நிமிடம் முன்னதாகப் போங்கள். ஆறு பேர் நிற்கும் அறையில் பேச்சைத் தொடங்குவது எளிது, அறுபது பேர் வந்தபின் எல்லாரும் வட்டம் கட்டிவிடுவார்கள். சைவம் என்றால் முன்பே ஏதாவது சாப்பிட்டுவிடுங்கள், பல இடங்களில் உங்களுக்கு மிஞ்சுவது பழத்துண்டுதான். கோப்பை இடக்கையில் இருக்கட்டும். வலக்கை ஈரமாகவோ எண்ணெயாகவோ இருந்தால் கைகுலுக்கல் கெட்டுவிடும். நேருக்கு நேர் நின்று பேசும் இருவரிடையே நுழையாதீர்கள்; ஒரு பக்கம் திறந்தபடி நிற்கும் மூவரிடம் போய் நில்லுங்கள், தாமாக இடம் விடுவார்கள். ஒருவரிடம் ஏழெட்டு நிமிடம், ஒரு மாலைக்கு மூன்று நான்கு பேர். அதற்கு மேல் சேர்த்தால் மறுநாள் எழுத முடியாது. பேச்சாளரைச் சுற்றி நிற்கும் வரிசையில் காத்திருந்து நேரத்தை விட வேண்டாம். அவர் பேச்சிலிருந்து ஒரு கேள்வியை மறுநாள் எழுதி அனுப்பினால் அவருக்கும் நினைவிருக்கும்.

பெயர் அட்டையைச் சீனர்களிடமும் மற்ற மூத்தவர்களிடமும் இரண்டு கையாலும் கொடுத்து, இரண்டு கையாலும் வாங்கி, ஒரு நொடி படித்துவிட்டு வையுங்கள். வாங்கிய கையோடு பின் பாக்கெட்டில் செருகுவது மரியாதைக் குறைவு. இப்போது பலர் அட்டை வைத்திருப்பதில்லை, லிங்க்ட்இன் கியூஆர் குறியீட்டை நீட்டுவார்கள். அதைக் கைபேசியில் எங்கே இருக்கிறதென்று முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். முஸ்லிம் பெண்மணியிடம், அவர் கை நீட்டினால் குலுக்கலாம். நீட்டாவிட்டால் தலையசைப்புப் போதும்.

பெயர் விஷயத்தில் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். டான் வெய் மிங் என்றால் டான் குடும்பப் பெயர். கூப்பிட வேண்டியது வெய் மிங். பாதியை வெட்டி வெய் என்று கூப்பிடக் கூடாது. அஹ்மத் பின் இஸ்மாயிலுக்கு "திரு இஸ்மாயில்" என்று எழுதினால் அவர் அப்பாவுக்குக் கடிதம் போட்டதாகும். இங்குள்ள அலுவலகங்களில் மேலாளரையும் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். வார்த்தைக்கு வார்த்தை "சார்" போட்டால் மரியாதையாகத் தெரியாது, விலகலாகத் தெரியும். உங்கள் பெயரும் அவர்களுக்குச் சிக்கல்தான். பதிவுப் படிவத்தில் கடவுச்சீட்டில் உள்ளபடி நிரப்பினால் மார்பில் குத்தும் அட்டையில் அப்பா பெயர் அச்சாகி வரும். கூப்பிட எளிதான ஒன்றைத் தேர்ந்து, படிவம், அட்டை, லிங்க்ட்இன் மூன்றிலும் அதையே போடுங்கள்.

அறிமுகம் இருபது நொடிக்கு மேல் போகக் கூடாது. "சீனியர் சாஃப்ட்வேர் இன்ஜினியர், பத்து வருட அனுபவம், ஜாவா, கிளவுட்" என்றால் கேட்டவருக்குத் திருப்பிச் சொல்ல ஒன்றுமில்லை. "வங்கியில் இரவில் ஓடும் கணக்கு ஒப்பீடு காலை எட்டு மணிக்குள் முடியாமல் தொங்கும், அதை முடிய வைப்பது என் வேலை" என்று சொன்னால் அவர் அதைப் பற்றிக் கேள்வி கேட்பார். வங்கியில் இருக்கும் தம் நண்பரிடம் போய்ச் சொல்லவும் முடியும். நீங்கள் கேட்கும் கேள்வியும் அப்படித்தான் இருக்க வேண்டும்: "இந்த வருடம் உங்கள் குழுவுக்குத் தலைவலியாக இருப்பது எது?" என்று கேட்டால் பத்து நிமிடம் பேசுவார்கள்.

கேட்கக் கூடாதவையும் உண்டு. "பிஆர் (நிரந்தரவாசம்) கிடைச்சிருச்சா?", "சம்பளம் எவ்வளவு வரும்?" இரண்டும் முதல் சந்திப்புக்கு ஆகாது. "ஊர்ல எந்தப் பக்கம்?" என்பதையும் யோசித்துக் கேளுங்கள். இங்கே பிறந்து வளர்ந்த மூன்றாம் நான்காம் தலைமுறைத் தமிழர்களுக்குத் தெம்பனிஸும் ஈசூனும்தான் ஊர். தவிர, அந்தக் கேள்விக்குப் பின்னால் சாதி விசாரணை இருப்பதாகப் பலர் எடுத்துக்கொள்வார்கள், அப்படி நினைப்பதற்குக் காரணமும் இருக்கிறது. நாலு பேர் நிற்கும் வட்டத்தில் ஒரு மலாய்க்காரரோ சீனரோ இருந்தால் தமிழில் பேச்சைத் தொடராதீர்கள். உடனே ஆங்கிலத்துக்கு மாறுங்கள். ஒரே மாலையில் கெட்ட பெயர் வாங்கித் தரும் பழக்கம் இது. வந்து மூன்றே வருடத்தில் சிங்கப்பூர் ஆங்கிலப் பாணியில் வாக்கியக் கடைசியில் "லா" போட்டுப் பேச முயல்வதும் வேண்டாம்.

விடைபெறுவதற்கும் ஒரு வாக்கியம் கையில் இருக்கட்டும்: "உங்களை நான் மட்டுமே பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. நாளைக்கு அந்த இணைப்பை அனுப்புகிறேன்." இதில் ஒரு வாக்குறுதியும் இருக்கிறது. அதுதான் மறுநாள் எழுதுவதற்கு உங்களுக்குக் கிடைக்கும் சாக்கு.

ரயிலில் வீடு திரும்பும்போதே ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி குறித்துவிடுங்கள்: எங்கே நின்று பேசினோம், என்ன சொன்னார். தூங்கி எழுந்தால் பாதி போய்விடும். 48 மணி நேரத்துக்குள் எழுதுங்கள். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் அனுப்புவீர்கள்; அமைப்பு இப்படி இருக்கட்டும்:

"வணக்கம் வெய் மிங். நேற்று ஒன்-நார்த் கூட்டத்தில் பதிவு மேசை அருகே பேசினோம். டேட்டாபேஸை மாற்றியபோது பழைய அறிக்கைகள் உடைந்துபோவதாகச் சொன்னீர்கள். அதே சிக்கலைப் பற்றிய கட்டுரை இது. கடைசிப் பகுதி உங்களுக்கு உதவலாம். பதில் போட அவசரமில்லை."

எங்கே பார்த்தோம், அவர் சொன்னதில் ஒன்று, அவருக்குப் பயன்படும் ஒன்று. கோரிக்கை எதுவும் இல்லை. லிங்க்ட்இன் இலவசக் கணக்கில் இணைப்புக் கோரிக்கையோடு எழுத 200 எழுத்துதான் இடம், அதுவும் மாதத்துக்குச் சிலவற்றுக்கு மட்டுமே. ஆகவே நேரில் பார்த்தபோதே இணைந்துகொண்டு, பிறகு செய்தியாக எழுதுவது மேல். பதில் வராவிட்டால் ஏழு முதல் பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் வராவிட்டால் ஆறு மாதம் விட்டுவிடுங்கள். கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை, அவர் இன்பாக்ஸ் அப்படி.

பதில் வந்தால் இரண்டு வாரம் கழித்துக் காப்பிக்கு அழைக்கலாம். இங்கேதான் பெரும்பாலோர் சொதப்புகிறார்கள். "ஒருநாள் சந்திக்கலாமே" என்ற அழைப்புக்கு "கண்டிப்பாக" என்று பதில் வரும், சந்திப்பு வராது. நாள், நேரம், இடம், எவ்வளவு நேரம், எதைப் பற்றி என ஐந்தும் இருக்க வேண்டும்:

"அடுத்த செவ்வாய் அல்லது வியாழன், பிற்பகல் 3 மணிக்கு, உங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்துக் காப்பிக்கடையில் 25 நிமிடம் கிடைக்குமா? பொறியாளராக இருந்து தயாரிப்பு மேலாண்மைக்கு மாறிய முதல் ஆறு மாதம் எப்படிப் போனது என்று கேட்க ஆசை. நேரம் தோதாக இல்லையென்றால் ஒரு வரி போதும்."

மதியம் 12 முதல் 1.30 வரை வேண்டாம். அமோய் ஸ்திரீட், லாவ் பா சாட் போன்ற உணவங்காடிகளில் டிஷ்யூ பொட்டலம் வைத்து மேசை பிடித்திருப்பார்கள். இடம் தேடுவதிலேயே பாதி நேரம் போகும், சத்தத்தில் பேசவும் முடியாது. காலை 8.30 அல்லது பிற்பகல் 3 மணி தோது. நோன்பு மாதத்தில் முஸ்லிம் நண்பரைச் சாப்பாட்டுக்கோ காப்பிக்கோ அழைக்காதீர்கள், இருபது நிமிட நடையோ காணொளி அழைப்போ போதும். அழைத்தவர்தான் காசு கொடுப்பது. அவர் "கோப்பி ஓ கோசோங்" என்றால் பாலும் சீனியும் இல்லாதது என்று தெரிந்துவைத்திருங்கள். பெண்கள், முதல் சந்திப்பைப் பகல் நேரத்தில், அலுவலகப் பகுதியில், பலர் நடமாடும் இடத்தில் வைத்துக்கொள்வது இங்கே சாதாரணம். அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

போவதற்கு முன் அவருடைய லிங்க்ட்இன் பக்கத்தைப் பத்து நிமிடம் படித்து ஐந்து கேள்வி தயார் செய்யுங்கள், பொதுவில் கிடைக்கும் விடையை அவரிடம் கேட்காதீர்கள். வேலை இருக்கிறதா என்றும் கேட்காதீர்கள். 25ஆம் நிமிடம் நீங்களே எழுந்திருங்கள். அவர் "இன்னும் நேரமிருக்கு" என்று உட்காரச் சொன்னால் சரி. கடைசிக் கேள்வி: "இதைப் பற்றி நான் வேறு யாரிடம் பேசினால் நல்லது?" ஒரு பெயர் சொல்வார். உடனே அறிமுகம் செய்துவைக்கச் சொல்லி நெருக்காதீர்கள். அந்த இன்னொருவரிடம் முதலில் கேட்டுவிட்டு இணைத்துவைக்கட்டும். ஒருவருடைய கைபேசி எண்ணை அவரைக் கேட்காமல் மற்றவருக்குக் கொடுப்பது இங்கே எரிச்சலூட்டும் காரியம். தொழில் தொடர்புக்கென்று அட்டையில் அச்சிட்ட எண் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பெரும்பாலான கட்டுப்பாடுகளுக்குள் வராது என்பது உண்மைதான். அதற்காக வாங்கிய அட்டைகளையெல்லாம் விளம்பரப் பட்டியலில் சேர்த்தால், சட்டத்துக்கு முன்பே பழக்கம் போய்விடும்.

உதவி கேட்கும் தயக்கத்துக்கு வருகிறேன். நம் மொழியில் சிபாரிசு என்ற சொல்லுக்கு ஒரு கறை ஒட்டியிருக்கிறது: தகுதியில்லாதவனை உள்ளே தள்ளுவது. அதனால் கேட்பவர் கூசுகிறார். கேட்கப்பட்டவர் முகத்தாட்சண்யத்துக்காகச் சரி என்று சொல்லிவிட்டு ஒன்றும் செய்யாமல் இருக்கிறார். இதைத் தவிர்க்க, மறுப்பதற்கு வழி விட்டுக் கேட்க வேண்டும்:

"அண்ணே, உங்கள் நிறுவனத்தில் இந்த வேலை அறிவிப்பைப் பார்த்தேன், இன்னும் விண்ணப்பிக்கவில்லை. கேட்டிருக்கும் ஐந்தில் நான்கு என்னிடம் இருக்கிறது, ஒன்று இல்லை. என் வேலையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பொருந்தும் என்று தோன்றினால் மட்டும் உள்ளே கொடுங்கள். தோன்றாவிட்டால் தயங்காமல் சொல்லுங்கள். கீழே உள்ள நான்கு வரியை அப்படியே அனுப்பலாம்."

"இன்னும் விண்ணப்பிக்கவில்லை" என்பது முக்கியம். பல நிறுவனங்களில், நீங்களே இணையத்தில் விண்ணப்பித்த பிறகு ஊழியர் பரிந்துரையாக ஏற்கமாட்டார்கள். அவருக்குக் கிடைக்க வேண்டிய ஊக்கத்தொகையும் போகும். ஆகவே முதலில் கேளுங்கள், பிறகு விண்ணப்பியுங்கள். அந்த நான்கு வரி: யார், என்ன செய்து முடித்தீர்கள் (எண்ணோடு), இந்த வேலைக்கு ஏன், பாஸ் நிலையும் எப்போது சேர முடியும் என்பதும். பாஸ் நிலையை மறைத்து வைத்துக் கடைசியில் சொல்பவர்கள் எல்லார் நேரத்தையும் வீணாக்குகிறார்கள்.

ஏனென்றால் அண்ணன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் இபி அவர் கையில் இல்லை. பத்துப் பேருக்குக் குறையாத நிறுவனம், பொதுவாக, இபிக்கு விண்ணப்பிக்கும் முன் அந்த வேலையை மைகரியர்ஸ்ஃபியூச்சர் தளத்தில் குறைந்தது 14 நாள் விளம்பரம் செய்திருக்க வேண்டும். 2025 ஜனவரியிலிருந்து புது விண்ணப்பங்களுக்கு அடிப்படைச் சம்பளத் தகுதி 5,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), நிதித்துறையில் 6,200. வயது ஏற ஏற இதுவும் ஏறும். பெரும்பாலானோர் காம்பஸ் எனும் இபி மதிப்பீட்டு முறையில் 40 புள்ளியும் எடுக்க வேண்டும். பரிந்துரையால் ஆவது ஒன்றுதான்: இருநூறு விண்ணப்பத்தில் உங்களுடையதை ஒருவர் திறந்து படிப்பார். அதுவே பெரிய காரியம், அதற்கு மேல் எதிர்பார்த்து அவரைத் துளைக்காதீர்கள். காலமும் பாருங்கள். 13ஆம் மாதச் சம்பளம் டிசம்பரிலும் போனஸ் சீனப் புத்தாண்டை ஒட்டியோ மார்ச் வாக்கிலோ கைக்கு வந்தபின்தான் பலர் வேலையை விடுவார்கள், இடங்கள் காலியாகும். அப்போது போய்ப் புதிதாகப் பழக ஆரம்பித்தால் தாமதம். அக்டோபர், நவம்பரில் காப்பி குடித்திருக்க வேண்டும்.

"உள்ளே ஆள் இருக்கு, இவ்வளவு கொடுத்தால் வேலை" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். உரிமம் இல்லாமல் வேலை முகவை நடத்தினால் 80,000 வெள்ளி வரை அபராதம், ஈராண்டு வரை சிறை. வேலை கொடுக்கப் பணம் வாங்கும் முதலாளிக்கு 30,000 வெள்ளி வரை அபராதம், ஈராண்டு வரை சிறை. ஒப்பந்தம் தரச் சொல்லி ஒரு மேலாளருக்குக் கையூட்டுக் கொடுப்பது, தனியார் நிறுவனமானாலும், ஊழல் தடுப்புச் சட்டத்தில் 100,000 வெள்ளி அபராதமும் ஐந்தாண்டுச் சிறையும் வரை போகும். உண்மையான ஆள்சேர்ப்பு முகவர் ஒவ்வொருவருக்கும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண் உண்டு. மனிதவள அமைச்சின் இணையப் பட்டியலில் சரிபார்க்கலாம். எந்த நிறுவனத்துக்கு அனுப்பப் போகிறார் என்று கேட்காமல் அவரிடம் தன்விவரக் குறிப்பைக் கொடுக்காதீர்கள். இரண்டு முகவர் ஒரே நிறுவனத்துக்கு உங்களை அனுப்பினால், எதற்கு வம்பு என்று நிறுவனம் உங்களையே ஒதுக்கிவிடும். அதேபோல, பழகிய ஒருவர் "வார இறுதியில் எங்களுக்கு இந்தச் சின்ன வேலை செய்து தாங்களேன்" என்று காசு கொடுக்க வந்தால் மறுத்துவிடுங்கள். உங்கள் பாஸ் ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது.

"வாங்கிக்கொண்டே இருந்தால் எப்படி, என்னிடம் கொடுக்க என்ன இருக்கிறது?" என்பது அடுத்த தயக்கம். நிறைய இருக்கிறது. அவர் குழுவுக்கு ஆள் தேடினால் உங்களுக்குத் தெரிந்த நல்ல ஆளின் பெயர். அவர் வர முடியாத கூட்டத்தின் அரைப் பக்கக் குறிப்பு. அவருடைய புது மென்பொருளைப் பயன்படுத்திப் பார்த்து, எங்கே உடைகிறது என்று படத்தோடு மூன்று குறை. அவர் சொன்ன யோசனையைச் செய்து பார்த்தீர்கள் என்றால் என்ன ஆயிற்று என்ற தகவல். மூத்தவர்களுக்கு இதைவிடப் பிடித்தது இல்லை, யாரும் திரும்பி வந்து சொல்வதே இல்லை. பண்டிகைகளும் உண்டு. சீனப் புத்தாண்டின் 15 நாளுக்குள் பார்க்கப் போனால் ஆரஞ்சு இரண்டாக எடுத்துப் போங்கள், ஒற்றைப்படை ஆகாது. தீபாவளிக்கு முறுக்குப் பெட்டி வைத்தால் முட்டை, நெய், ஹலால் விவரத்தைச் சீட்டில் எழுதி ஒட்டுங்கள், இல்லாவிட்டால் பாதிப் பேர் கேட்கத் தயங்கித் தொடாமல் போவார்கள். தினசரி காலை வணக்கப் படங்கள் கொடுப்பதில் சேராது.

இதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது, நோட்டு வேண்டும். நம் வீடுகளில் மொய் நோட்டு இருந்தது, யார் எவ்வளவு எழுதினார் என்று. இதுவும் அந்த மாதிரிதான், தொகைக்குப் பதில் வேறு கட்டங்கள்: பெயர், எங்கே பார்த்தோம், என்ன வேலை, இப்போது அவர் மனத்தில் இருப்பது, கடைசியாகப் பேசிய தேதி, நான் செய்வதாகச் சொன்னது. கடைசிக் கட்டம்தான் உயிர். "அனுப்புகிறேன்" என்று சொல்லி அனுப்பாதது ஒன்று இருந்தால், அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளாவிட்டாலும் நீங்கள் கூசி அவரைத் தவிர்க்க ஆரம்பிப்பீர்கள். பெரும்பாலான பழக்கம் இப்படித்தான் அறுகிறது. வெள்ளிக்கிழமை மாலை 15 நிமிடம் ஒதுக்கி அந்தக் கட்டத்தைக் காலி செய்யுங்கள். பத்துப் பேரை ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை, முப்பது பேரை அரையாண்டுக்கு ஒருமுறை, மற்றவர்களை வருடத்துக்கு ஒருமுறை தொட்டால் போதும். அதற்கு மேல் வேலைக்குப் போகிறவரால் முடியாது, தேவையும் இல்லை.

கடைசியாக, எல்லாரும் மறக்கும் ஒரு நாள் இருக்கிறது: வேலையை விடும் நாள். அன்று மதியத்துக்குள் மின்னஞ்சலும் அலுவலக உரையாடல் தளமும் அடைபட்டுவிடும். எல்லாருக்கும் பொதுவாகப் போடும் "நன்றி, விடைபெறுகிறேன்" கடிதத்துக்கு இரண்டு நாள் முன்பாகவே, நீங்கள் உண்மையில் சேர்ந்து வேலை பார்த்த பதினைந்து பேருக்குத் தனித்தனியே எழுதுங்கள். ஒவ்வொருவரோடும் செய்த ஒரு வேலையைக் குறிப்பிட்டு, உங்கள் சொந்த மின்னஞ்சலையும் கொடுத்து. வாடிக்கையாளர் பட்டியலைத் தரவிறக்கி எடுத்துப் போவது வேறு கதை, அது ஒப்பந்த மீறல்; தொடாதீர்கள். அந்தப் பதினைந்து பேரும் அடுத்த இரண்டு ஆண்டில் வெவ்வேறு நிறுவனங்களுக்குப் போயிருப்பார்கள். நோட்டில் முதல் பதினைந்து வரி அவர்கள்தான்.